சான்று காட்டிய சான்றோர்: ஹாப்கின் பெருமகனார் வரலாறு

தோற்றுவாய்

பிறர் உயிரைக் காத்தற்பொருட்டுத் தம் உயிரைப் பணயமாக வைத்தோர் உலகிற் சிலரே. அவருள்ளும், தாம் காக்க வந்த மக்களே தம்மைக் கொல்ல வந்தவர் என ஐயுற்று விலகியபோது, அவரை வெகுளாமலும் எள்ளாமலும் சான்று ஒன்றனையே காட்டி நின்றோர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் வால்டெமார் ஹாப்கின் என்னும் யூதப் பெருமகனார். பம்பாய் மாநகரில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சிக் கழகம் ஒன்று இன்றும் நிலவுகின்றது. 1964-ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறையினர் அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டனர். எனினும், பெயரைக் கேட்டோர் பலராயினும் வரலாற்றை அறிந்தோர் சிலரே ஆதலின், அதனைச் சுருங்கச் சொல்லுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. என் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ளது. 2021-ஆம் ஆண்டிற் கொரோனா நோய் பரவிய காலத்தில் யான் பள்ளிச் சிறுவன். செவிலியராகிய என் அத்தையார் தடுப்பூசி போடும் குழுவினருடன் மலைமேலுள்ள சிற்றூர்களுக்குச் சென்று வருவார். அவ்வூசி மக்கள் தொகையைக் குறைத்தற்கு ஆள்வோர் செய்த சூழ்ச்சி என்னும் பேச்சு அப்போது மலையிலும் இருந்தது, சமவெளியிலும் இருந்தது. ஓரூரில், குழுவுடன் சென்ற இளைஞர் சிலர் அப்பேச்சைக் கேட்டு வாய்விட்டு நகைத்தனர். அன்று அவ்வூரில் ஒரு கதவும் திறக்கவில்லை.

சில நாள் கழித்து அத்தையார் தனியே அங்குச் சென்றார். முதியவர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து, அவர் ஐயுறுவதற்குக் காரணம் என்னவென்று வினவினார். சாலை கேட்டும் மருத்துவமனை கேட்டும் நெடுங்காலம் வாராதவர்கள், ஊசியை மட்டும் கேளாமலே கொண்டுவந்தமையால் ஐயுற்றதாக அப்பெரியவர் கூறினார். அத்தையார் அதனை மறுக்கவில்லை. தாம் ஊசியிட்டுக்கொண்ட சீட்டைக் காட்டினார்; எங்கள் வீட்டில் யார் யார் இட்டுக்கொண்டனர், யாருக்கு எத்தனை நாட் காய்ச்சல் கண்டது என்பவற்றைச் சொன்னார்; இட்டுக்கொண்ட பின்னும் நோயுற்ற ஒருவரைப் பற்றியும் மறையாது சொன்னார். அன்று முதியவரும் வேறு சிலரும் கை நீட்டினர், எல்லாரும் நீட்டவில்லை. கல்லூரிக்கு வந்து ஹாப்கின் வரலாற்றைப் படித்தபோது, அந்தத் திண்ணையே என் கண்முன் நின்றது.

பிறப்பும் இளமையும்

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் கருங்கடற் கரையிலுள்ள ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடியிற் பிறந்தார். அந்நகர் அன்று ருஷியப் பேரரசைச் சார்ந்திருந்தது. இன்று உக்ரேன் நாட்டின்கண் உள்ளது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மெச்சினிக்காவ் என்னும் பேராசிரியரிடம் உயிர்நூல் பயின்றார். அவ்வாசிரியர் பிற்காலத்தில், 1908-ஆம் ஆண்டில், நோபெல் பரிசு பெற்றவர்.

1881-ஆம் ஆண்டில் ருஷியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் புரட்சியாளரால் கொல்லப்பட்டார். கொலைக்குக் காரணம் யூதரின் சூழ்ச்சியே என்னும் புரளி காட்டுத் தீப்போற் பரவியது. அதனை ஆராய்வார் இல்லை. தென் ருஷிய நகரங்கள் பலவற்றிற் கூட்டத்தார் யூதர் தெருக்களிற் புகுந்து கொள்ளையிட்டனர், அடித்தனர், வீடுகளை இடித்தனர். இருபத்தோராண்டு இளைஞராகிய ஹாப்கின், தம் மக்களைக் காக்க நின்ற குழுவிற் சேர்ந்து காயமுற்றுச் சிறையும் புகுந்தார். ஆசிரியர் மெச்சினிக்காவ் சான்று பகர்ந்தமையால் விடுதலை பெற்றார். அக்கூட்டத்தாரிற் பெரும்பாலோர் கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவர் என்பதனை நினைக்குந்தோறும் கிறிஸ்தவக் குடியிற் பிறந்த எனக்கு நாணம் மேலிடுகின்றது. சான்றில்லாத ஒரு சொல் எத்துணை வீடுகளை எரிக்கும் என்பதனை ஹாப்கின் ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். உடம்பிற் பட்டு அறிந்தவர்.

கல்வி முடிந்தபின் பல்கலைக்கழகத்திற் பதவி பெறவேண்டுமாயின் அரசின் சமயத்தைத் தழுவவேண்டும் என்றனர். அவர் உடன்படவில்லை. பதவியைத் துறந்து, 1888-ஆம் ஆண்டில் நாட்டையும் துறந்து, ஜெனீவா நகரிற் சிறிது காலம் கற்பித்து, அடுத்த ஆண்டிற் பாரிஸ் நகரை அடைந்தார். அங்கே பாஸ்டர் பெருமகனார் நிறுவிய கழகத்தில் அவருக்குக் கிடைத்தது நூல்நிலைய உதவியாளர் வேலையே. பகலில் நூல்களை அடுக்கினார். ஓய்ந்த நேரத்திற் சோதனைச்சாலையிற் கிருமிகளை ஆராய்ந்தார்.

தம்மேற் செய்த சோதனை

அந்நாளில் வாந்திபேதி என்னும் கொடுநோய் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இலக்கக்கணக்கான மக்களை வாரிக்கொண்டிருந்தது. அந்நோய்க் கிருமியின் வலிமையைக் குறைத்து உடம்பிற் செலுத்தின், உடம்பு அதனை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று ஹாப்கின் கருதினார். விலங்குகளிற் கருத்து நிறைவேறியது. மனிதரிடத்து நிறைவேறுமோ என்பதனை யாரிடத்திற் பார்ப்பது? 1892-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18-ஆம் நாள் அவர் தம் உடம்பிலேயே அதனைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, நோவு கண்டது, சில நாளில் அவை நீங்கின. அதன்பின் நண்பர் சிலர் தாமே முன்வந்து இட்டுக்கொண்டனர்.

அதே ஆண்டில் ருஷியாவில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவரே நஞ்சூட்டுகின்றனர் என்னும் புரளியாற் கலகங்கள் மூண்டு, மருத்துவரும் தாக்குண்டனர். ஹாப்கின் தம் மருந்தைத் தாய்நாட்டிற்கு அளிக்க விரும்பியும் அந்நாட்டரசு ஏற்கவில்லை. பாரிஸிற் பிரிட்டிஷ் தூதராயிருந்தவரும் முன்னர் இந்தியாவின் அரசப்பிரதிநிதியாயிருந்தவருமாகிய டப்ரின் பிரபு, இந்தியாவிற் சோதித்துப் பார்க்குமாறு வழிகாட்டினார். 1893-ஆம் ஆண்டில் ஹாப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார்.

கல்கத்தாச் சேரிகளில்

இங்கும் அவரை இருதிறத்தாரும் ஐயுற்றனர். ருஷிய நாட்டிற் பிறந்தவராதலின் ஒற்றரோ என ஆங்கிலேயருட் சிலர் ஐயுற்றனர். வெள்ளையர் கொண்டுவந்த ஊசியாதலின் நஞ்சோ என மக்கள் ஐயுற்றனர். மேலும் அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர், உயிர்நூல் வல்லுநரே. ஆகவே மருத்துவர் பலரும் அவரை மதித்திலர்.

1894-ஆம் ஆண்டிற் கல்கத்தாவின் சேரி ஒன்றில் வாந்திபேதி தோன்றியது. ஹாப்கின் தம்முடன் உழைத்த வங்காள மருத்துவருடன் அங்குச் சென்றார். மக்கள் சினந்து கல்லெறிந்தனர் என்பர். அவர் வாதாடவில்லை, எல்லாருங் காணத் தம் ஆடையை விலக்கித் தம் விலாவில் ஊசியைக் குத்துவித்துக்கொண்டார். கண்டோர் திகைத்தனர். அங்கிருந்த ஏறத்தாழ 200 பேருள் 116 பேர் முன்வந்தனர். பின்னர் அச்சேரியில் நோய் மீண்டும் தோன்றியபோது, இட்டுக்கொண்டோரையும் இட்டுக்கொள்ளாதோரையும் ஒப்பவைத்துக் கணக்கெடுத்தார். ஒரே குளத்து நீரைக் குடித்து ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோருள், இட்டுக்கொள்ளாதோரையே நோய் பற்றியது. பிறர் சொல்ல வேண்டாதபடி அண்டை வீட்டாரே அதனைக் கண்ணாரக் கண்டனர். இரண்டாண்டிற்குள் வட இந்தியாவிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் 40,000 பேருக்கு மேல் அவர் கையால் ஊசி பெற்றனர்.

பம்பாயும் பிளேக்கும்

1896-ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பம்பாயிற் பிளேக் என்னும் மகாமாரி தோன்றியது. அது நாடெங்கும் பரவிச் சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது. கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரால் வழங்கும் கோயில்கள், நம் தமிழ்நாடும் அத்துயரிற் பங்குகொண்டமையை நினைவூட்டும்.

அரசினர் நோயைத் தடுக்க மேற்கொண்ட முறைகள் கொடியவாயிருந்தன. 1897-ஆம் ஆண்டில் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. 2020-ஆம் ஆண்டிற் கொரோனாவுக்கென மீண்டும் எடுத்தாளப்பட்ட சட்டமும் அதுவே. அச்சட்டத்தின் வலிகொண்டு அலுவலர் வீடுகளிற் புகுந்தனர், பொருள்களை எரித்தனர், நோயுற்றோரைச் சுற்றத்தினின்றும் பிரித்து மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றனர். பெண்டிரையும் அயலார் சோதித்தனர். புனாவிற் பிளேக் அதிகாரியாயிருந்த ராண்டு 1897-ஆம் ஆண்டு சூன் திங்களிற் சுடப்பட்டு மாண்டமை, அக்கொடுமையால் மூண்ட சினத்தின் விளைவாகும்.

இந்நிலையிற் புரளிகள் பல பிறந்தன. பம்பாயில் விக்டோரியா அரசியாரின் சிலைக்கு யாரோ இழுக்குச் செய்தமையால், அதற்குப் பழிவாங்க அரசு மக்களைக் கொல்கின்றது என்றனர். மருத்துவமனையில் நோயாளரைக் கொன்று உடலினின்றும் மருந்து வடிக்கின்றனர் என்றனர். ஊசியிற் பசுவின் குருதியும் பன்றியின் குருதியும் கலந்துள்ளன என்றனர். 1896-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரவர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். ஆள்வோரும் அவரைச் சார்ந்த ஏடுகளும் இவற்றைப் பாமரரின் மடமை என எள்ளி நகைத்தன. அந்நகைப்பினால் ஒரு புரளியேனும் மாய்ந்ததாகத் தெரியவில்லை. வீட்டினுட் புகுந்து தாயை இழுத்துச் சென்றவனே பின்னர் ஊசியுடன் வந்து நின்றால், மகன் ஐயுறாமல் வேறென் செய்வான்? கூற்றுப் பொய்யாயினும் அதனைப் பிறப்பித்த துயர் பொய்யன்று.

நிகழ்த்திய சோதனைகள்

பம்பாய்க்கு அழைக்கப்பெற்ற ஹாப்கினுக்குக் கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிற்றறையும், ஓர் எழுத்தரும், ஏவலர் மூவரும் அளிக்கப்பட்டனர். இறைச்சிச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு, அவற்றினின்றும் ஆலம்விழுதுபோற் கிருமிகள் தொங்கி வளருமாறு செய்து, பின்னர் வெப்பத்தால் அவற்றைக் கொன்று மருந்தாக்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் கொள்ளும் வெறுப்பை மதித்துப் பசுவும் பன்றியும் நீக்கி, ஆட்டிறைச்சியின் சாற்றையே பயன்படுத்தினார். ஊசியைப் பற்றிய புரளியை நகையாடாமல், அதற்கு இடமே இல்லாதவாறு மருந்தைச் செய்துவிட்ட திறம் போற்றத்தக்கது.

1897-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள், அம்மருந்தில் 10 கன செண்டிமீட்டர் அளவைத் தம் உடம்பிற் செலுத்துவித்துக்கொண்டார். பின்னர்ப் பிறர்க்கு இடப்பட்ட அளவைக் காட்டிலும் இது பன்மடங்கு மிகுதி. கடுங்காய்ச்சலுற்றுத் தேறியெழுந்தார். அம்மாத இறுதியில் பைக்கல்லாச் சிறைச்சாலையில் நோய் புகுந்தது. அங்கே விரும்பி முன்வந்தோர்க்கே ஊசியிட்டார். ஏறத்தாழச் செம்பாதியினர் முன்வந்தனர். உணவும் உறையுளும் வேலையும் இருசாரார்க்கும் ஒன்றே. அதன்பின், இட்டுக்கொள்ளாதோர் ஏறத்தாழ 172 பேரில் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் மாண்டனர். இட்டுக்கொண்டோர் ஏறத்தாழ 148 பேரில் இருவர்க்கே நோய் கண்டது, ஒருவரும் மாளவில்லை.

1898-ஆம் ஆண்டில் பரோடாவைச் சார்ந்த உந்தேரா என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது இதனினும் தெளிவானது. அங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் பாதியளவினர்க்கு ஊசியிடப்பட்டது. பின்னர் நோய் புகுந்த 28 குடும்பங்களிற் கணக்கெடுத்தபோது, ஊசி பெறாத 64 பேரில் 27 பேர் நோயுற்று 26 பேர் இறந்தமையும், பெற்ற 71 பேரில் 8 பேர் நோயுற்று மூவர் இறந்தமையும் புலனாயின. ஒரே தாய் வயிற்றிற் பிறந்தோருள் ஒருவன் பிழைத்தான், ஒருவன் மாண்டான். வேறுபாடு ஊசி ஒன்றே. இக்கணக்கை நம்புதற்கு அரசை நம்ப வேண்டுவதில்லை. தத்தம் வீட்டில் எஞ்சினோரை எண்ணத் தெரிந்தாற் போதும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அந்த மூவரையும் ஹாப்கின் மறைத்திலர். தம் மருந்து எல்லாரையுங் காக்கும் என்று அவர் என்றும் சொன்னதில்லை. இறந்தோரையும் கணக்கிற் சேர்த்தமையாலேயே, பிழைத்தோரைப் பற்றிய கணக்கு நம்பத்தக்கதாயிற்று. இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவராகிய மூன்றாம் ஆகாகான் அவர்கள் தம் மாளிகையைச் சோதனைச்சாலைக்கு அளித்ததோடு, தம் மக்கள் காணத் தாமே ஊசியிட்டுக்கொண்டார். அச்சமூகத்தார் ஆயிரக்கணக்கில் அவரைப் பின்பற்றினர். 1899-ஆம் ஆண்டிற் சோதனைச்சாலை பரேலிலிருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. நாடெங்குமிருந்து மருந்துக்கு வேண்டுகோள் வந்து குவிந்தது.

முல்கோவால்

ஆயினும், பிறர் ஐயத்தைச் சான்றினால் தீர்த்தவருக்கே சான்றில்லாப் பழி வந்து சூழும் நாள் அணித்தாயிற்று. 1902-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள், பஞ்சாப் மாகாணத்து முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசியிடப்பட்டது. அவருள் 19 பேர் சில நாளில் இசிவு நோயுற்று மாண்டனர். பத்தொன்பதின்மரும் 53-என் என்னும் எண்ணுள்ள ஒரே புட்டியினின்று மருந்து பெற்றோர். ஏனைப் புட்டிகளினின்று பெற்ற 88 பேருக்கும் தீங்கொன்றும் நேரவில்லை.

ஊசியிற் கொலை உண்டு என்று சொல்லித்திரிந்த புரளிக்கு இப்போது பத்தொன்பது உடல்கள் சான்றாகக் கிடந்தன. மக்கள் அஞ்சியதிற் குற்றமில்லை. அரசினரோ, கிருமி எவ்விடத்துப் புகுந்தது என்பதனை நிறுவுமுன்னரே பழியைச் சோதனைச்சாலையின்மேற் சுமத்தினர். ஆராய்ந்த குழுவினரும், ஹாப்கின் கார்பாலிக் அமிலத்தை விடுத்து வெப்பத்தையே நம்பி மருந்து செய்தமையால் கெடுதி நேர்ந்திருத்தல் கூடும் என்றனர். அவர் பதவியினின்று நீக்கி நிறுத்தப்பட்டார். 1904-ஆம் ஆண்டில் இந்தியாவை விட்டுச் சென்றார். பிரான்சு நாட்டில் யூதப் படைத்தலைவர் திரைபஸ் குற்றமின்றியே தண்டிக்கப்பட்ட செய்தியோடு இதனையும் ஒப்பிட்டுப் பேசினர் அக்காலத்தார்.

நம் சிலப்பதிகாரம் பயின்றோர்க்கு இவ்விடத்து மதுரையின் அரசவை நினைவிற்கு வரும். பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை ஆராயாது ஏற்றான் பாண்டியன். கோவலன் உயிர் நீங்கியது. அரசவை புகுந்த கண்ணகி பழிச்சொல்லோடு நின்றிலள்; சிலம்பை உடைத்து அதன் பரலைக் காட்டினாள். அரசனும் தன் சிலம்பின் பரல் முத்து என்று முன்னரே மொழிந்திருந்தான். தெறித்ததோ மாணிக்கம். இருவர்க்கும் பொதுவாகிய அச்சான்றின்முன் செங்கோலும் வளைந்தது.

ஹாப்கினும் அவ்வாறே சான்றைத் தேடினார். அமைச்சர்களை இழித்து எழுதாமலும், தம் இனத்தின்மேற் கொண்ட பகையே இதற்குக் காரணம் என்று கூவாமலும், முல்கோவாலில் அன்று நிகழ்ந்தவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்தார். புட்டியைத் திறந்தபோது நாற்றமில்லை. இசிவுக் கிருமி சோதனைச்சாலையிலேயே புகுந்து 41 நாட்கள் அதனுள் வளர்ந்திருப்பின் பெருநாற்றம் எழுந்திருக்கும். அவ்வளவு நஞ்சு திரண்டிருப்பின் நோய் உடனே தோன்றியிருக்கும். தோன்றியதோ சில நாட்கள் கழித்து. மேலும், புட்டியின் அடைப்பைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை நெருப்பிற் காய்ச்சாமலே, மருந்து நீரில் அலசிப் பயன்படுத்தினர். இசிவுக் கிருமி மண்ணில் வாழ்வது. ஆகவே கேடு புகுந்தது புட்டியைத் திறந்த இடத்திலேயே ஆதல் கூடும் என்பது தெளிவாயிற்று.

இலண்டன் லிஸ்டர் கழகத்தாரும் இதற்கு இசைந்தனர். மலேரியாவின் மூலத்தைக் கண்டு நோபெல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் முதலாக அறிஞர் பதின்மர், 1907-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலண்டன் டைம்ஸ் பத்திரிகையிற் கையொப்பமிட்டு நீதி வேண்டினர். அவ்வாண்டின் இறுதியில் அரசு பழியை நீக்கியது. ஐந்தாண்டு கழிந்திருந்தது. அதற்குள் பஞ்சாபில் ஊசியின் பெயரைக் கேட்டு அஞ்சியோர் எத்துணையர், அவ்வச்சத்தாற் பிளேக்குக்கு இரையாயினோர் எத்துணையர் என்று எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. இடுக்கி தவறிய செய்தியை அன்றே ஒளியாது ஆராய்ந்து ஊரறியச் சொல்லியிருப்பின், அவருட் பலர் பிழைத்திருப்பர்.

இறுதிக் காலம்

ஹாப்கின் மீண்டும் இந்தியாவிற்கு வந்தார். ஆனால், தாம் தோற்றுவித்த பம்பாய்ச் சோதனைச்சாலையின் தலைமை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, 1914-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 1925-ஆம் ஆண்டில் அப்பம்பாய்க் கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதுகாறும் அங்கிருந்து அனுப்பப்பட்ட பிளேக் மருந்து 2 கோடியே 60 இலட்சம் அளவைகள் என்பர். எஞ்சிய நாட்களைத் தம் சமயத்தார்க்குக் கல்வி வளர்க்கும் பணியிற் கழித்து, 1930-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26-ஆம் நாள், சுவிட்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் இறைவனடி சேர்ந்தார்.

முடிவுரை

நண்பர்களே! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? சூழ்ச்சிப் புரளியைக் கேட்டவுடன் நகைப்பது எளிது. கற்றோம் என்னும் செருக்கும் அதனால் நிறைவுறும். ஆனால் நகைப்பவன் ஒரு கதவையும் திறப்பதில்லை. ஐயுற்றோன் தன் கண்ணாற் கண்டு, தன் கையால் எண்ணிப் பார்க்கத்தக்க சான்றை அவன் வாயிலிற் கொண்டுபோய் வைப்பவனே கதவைத் திறக்கின்றான். அச்சான்றில் தனக்கு மாறானவற்றையும் சேர்த்து வைத்தல் வேண்டும். அளவை நூலார் காட்சியை முதலிற் கூறிக் கருதலைப் பின்னர்க் கூறியமையும் இதுபற்றியே போலும்.

புனித தோமையாரை நாம் ஐயுற்றவர் என்று சற்றே இழித்துப் பேசுகின்றோம். ஆண்டவரோ அவரை இழித்திலர். விலாவையும் கையையும் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஐயுற்ற அத்தோமையாரே பரங்கிமலை வரை வந்து உயிர் நீத்தார் என்பது நம் நாட்டு வழக்கு. சான்று கண்டு தெளிந்தவனின் உறுதி அத்தகையது.

ஐயம் என்றும் மடமையன்று என்பதனையும் என் ஊரார் நன்கறிவர். 2024-ஆம் ஆண்டு சூன் திங்களிற் கள்ளக்குறிச்சியிற் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டனர். இறப்புக்குக் காரணம் யாதென்று முதற்கண் பலரும் பலவாறு பேசினர். சதி என்றாரும் உளர், இல்லை என்று மறுத்தாரும் உளர். அப்பேச்சுகள் ஒருவர் துயரையும் ஆற்றவில்லை. மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருந்தமையைச் சோதனைச்சாலை காட்டிய பின்னரே உண்மை புலனாயிற்று. ஆள்வோரை நோக்கி மக்கள் சான்று கேட்டல் உரிமை. மக்களை நோக்கி ஆள்வோர் சான்று காட்டல் கடமை. இவ்விரண்டும் குன்றுமிடத்தே புரளி முளைக்கின்றது.

விடுமுறையில் ஊர் சென்றபோது, ஹாப்கின் வரலாற்றை என் அத்தையாருக்குச் சொன்னேன். அவர் முல்கோவாலின் பத்தொன்பதின்மரைப் பற்றியே மீண்டும் மீண்டும் கேட்டார். ஊசிப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் இனி அவர்களை நினைப்பேன் என்றார். புரளிக்கு அஞ்சாமல் உண்மையைக் காட்டும் துணிவும், தம் கைப்பிழைக்கு அஞ்சும் பணிவும் ஒருங்கே உடையோரே சான்றோர் என்பதனை அன்று உணர்ந்தேன். அத்தகைய சான்றோராய் வாழ்ந்த ஹாப்கின் பெருமகனாரின் புகழ் வாழ்க!